இரண்டு வாய்க்கும் ஒரே பேச்சு

ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது உலகத்திலேயே சுலபமான வேலை என்று நினைப்பவர்கள், கண்டக்டரோடும் மருந்துக்கடைக்காரரோடும் அந்த ஓட்டை வேனில் ஒரு நாள் ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

கண்டக்டர் ரோட்டுக்கு மேற்கே இருப்பவர். பஸ் வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. மருந்துக்கடைக்காரர் ரோட்டுக்குக் கிழக்கே. நடுவில் ஓடும் அந்தப் பெரிய ரோடு ஒரு காலத்தில் வெறும் ரோடாகத்தான் இருந்தது. இரண்டு மதத்துக்காரர்களும் இரண்டு பக்கமும் கலந்து குடியிருந்தார்கள். வாடகைக்கு வீடு விட்டார்கள், வாய்ச்சண்டை போட்டார்கள், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள், மறுபடி பேசினார்கள். முதல் கலவரத்தில் பிரிய ஆரம்பித்து, இரண்டாவதோடு மேற்கே ஒரு மதம், கிழக்கே ஒரு மதம் என்று ஆகிவிட்டது. வீடு மாறியவர்கள் சாமான்களோடு பயத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சாமான்களை இறக்கிவைத்தார்கள், பயத்தை இறக்கிவைக்கவில்லை.

இரண்டாவது கலவரத்துக்குக் காரணம் துரு. கிழக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் மேற்கத்திக்காரர்கள் விஷம் கலந்துவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் காவி நிறத்தில் வந்தது உண்மை. தொட்டியின் அடித்தகடு துருவேறிப் பெயர்ந்திருந்ததும் உண்மை. விஷம் மட்டும்தான் பொய். அது துரு என்று மருந்துக்கடைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். ‘நீ மருந்து விக்கற வேலையைப் பாரு’ என்று அவருடைய ஆட்களே அவரைத் தள்ளிவிட்டார்கள். கண்டக்டர் என்ன நினைத்தாரோ, ரோட்டைத் தாண்டி வந்து, அத்தனை பேர் முன்னாலும் குழாயைத் திறந்து ஒரு பாட்டில் நிறைய அந்தத் தண்ணீரைப் பிடித்து மடக்மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “ருசி மோசம். மத்தபடி ஒண்ணும் இல்ல” என்றார். அதற்குள் ரோட்டின் தெற்குக் கோடியில் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. துருவுக்காக மனிதர்கள் செத்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அன்று ஜோடி சேர்ந்தவர்கள்தான் இருவரும். வதந்தி ஒன்று கிளம்பினால் போதும், இரண்டு பேரின் போனும் அடிக்கும். பழைய ஆம்புலன்ஸ் வேன் ஒன்று, அதன் தலையில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய். கண்டக்டர்தான் ஓட்டுவார். அவர்களுக்குள் சில சட்டங்கள் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததை மைக்கில் சொல்லும்வரை பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக்கூடாது. வேனில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை முடிவுசெய்ய வேண்டும். அவரவர் ஆட்களுக்கு அவரவர் வாயால் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு எழுத்து கூடக் கூடாது, குறையவும் கூடாது. அடிபட்டது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து ஆள் முதலில் பேச வேண்டும். குற்றவாளியின் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது. அது போலீஸ் வேலை.

இந்தச் சட்டங்களில் ‘ஒரே வாக்கியம்’தான் விஷயமே. சனங்கள் மெய்யை நம்புவதில்லை. எதிராளியும் அதையே சொல்கிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டுத்தான் நம்பினார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும். அந்த அளவுக்குத்தான் அகலம் அந்த ரோடு.

இந்த ஜோடியைப் பற்றிக் கேள்விப்பட்டு, பெரிய ஊரிலிருந்து சிலர் வந்து ஒரு கூட்டம் போட்டார்கள். குளிரூட்டிய அறை, பின்னால் புறா படம் போட்ட பேனர், மேஜைக்கு மேஜை தண்ணீர் பாட்டில். மதங்களுக்கிடையே உரையாடல் என்பது எப்படிப்பட்ட பாலம் என்று ஒருவர் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசினார். பிறகு மைக்கைக் கண்டக்டரிடம் கொடுத்து, உங்கள் அணுகுமுறை என்ன என்று கேட்டார்கள்.

“போய்ப் பார்ப்போம் சார். பார்த்ததைச் சொல்வோம். ரெண்டு பேரும் ஒண்ணே சொல்வோம்.”

அவ்வளவுதானா என்பது போல அவர்கள் பார்த்தார்கள். அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இருவருக்கும் ஆரம்பத்தில் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடைக்காரர் சுத்தக்காரர், எண்ணி எண்ணிப் பேசுவார். கண்டக்டருக்கு வாய் நிற்காது. ஆனால் வதந்தியைத் துரத்திக்கொண்டு போகிற ஒருவனுக்குப் பக்கத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். ஆகவே இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. சாமியைப் பற்றியே அதிகம் பேசினார்கள். ஒருநாள் கண்டக்டர், “ஏன் டாக்டரே, நீங்களும் எங்களை ஜெயிக்கணும்னு வேண்டறீங்க, நாங்களும் உங்களை ஜெயிக்கணும்னு வேண்டறோம். மேல இருக்கறவர் யார் பேச்சைக் கேப்பார்?” என்றார். மருந்துக்கடைக்காரர் டாக்டர் இல்லை. கண்டக்டர் அவரைச் சீண்டுவதற்காகவே அப்படிக் கூப்பிடுவார்.

“எங்க வீட்ல நான் ஒரு சேனல் கேப்பேன், என் சம்சாரம் ஒரு சேனல் கேப்பா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “கடைசில கரண்ட் போயிடும். அப்படித்தான் நடக்குது.”

கண்டக்டர் சிரித்த சிரிப்பில் வேன் சாக்கடைப் பக்கம் போய்த் திரும்பியது. தன் மதத்துக்காரன் எவனோடும் அவர் அவ்வளவு மனம்விட்டுப் பேசியதில்லை. மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு அவர் அண்ணன் ஆனார். அந்த வீட்டு இளையவன், ‘சின்னவன்’ என்று எல்லாரும் கூப்பிடும் பையன், அவரை, மாமா முறை என்று பாராமல், பெரியப்பா என்றே கூப்பிட்டான். பையன் என்ன பையன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கடையிலிருந்து ஸ்கூட்டரில் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதெல்லாம் அவன்தான். மேற்கே எந்தக் கடையிலும் இன்சுலின் வைப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டி வேண்டும், கரண்ட் வேண்டும், பொறுப்பு வேண்டும். ஆகவே மேற்கத்திச் சர்க்கரைக்காரர்களுக்கும் சின்னவன்தான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனான். போகாதே என்று அம்மா சொல்வாள். ‘பெரியப்பா ஊர்தானேம்மா’ என்பான்.

அன்றைக்குக் காலையில் போன் அடித்தபோது கண்டக்டர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். ‘கிழக்கத்திப் பையன் ஒருத்தனை மேற்கே மரவாடிகிட்ட அடிச்சுக் கொன்னுட்டாங்களாம்.’ இப்படிப் பலமுறை வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் குடித்துவிட்டு விழுந்து கிடப்பான், இல்லையென்றால் ஆளே இருக்க மாட்டான். பாதி முகத்தோடு துண்டால் துடைத்துக்கொண்டு கிளம்பினார். மருந்துக்கடைக்காரர் கடை வாசலில் தயாராக நின்றார். ஏறி உட்கார்ந்தவர், “மீதி முகம் யாருக்கு?” என்றார். அன்றைக்கு அவர் பேசிய கடைசி வேடிக்கை அதுதான்.

மரம் அறுத்து விற்கும் அந்த மரவாடியின் பின்பக்கம், மரம் ஏற்றும் லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் முன்சக்கரத்தில் சாய்த்துவைத்தாற்போல ஒரு ஸ்கூட்டர். மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரைத்தான் முதலில் பார்த்தார். வேன் நிற்பதற்கு முன்பே இறங்கினார்.

சின்னவன் லாரிக்கு அந்தப் பக்கம் மரத்தூளில் கிடந்தான்.

அப்பா அவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் நகர்த்தி மறுபடி வைத்துப் பார்த்தார். எத்தனையோ பேருக்கு அப்படிப் பார்த்தவர், அதில் தெரியவேண்டியது தெரிந்துவிட்ட பிறகும் விரலை எடுக்கவில்லை. பிறகு மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். இரண்டு பொத்தான் இல்லை. எழுந்து, சிதறிக்கிடந்த ஐஸ் பெட்டியிலிருந்து மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

“இதை அந்த ரிட்டயர்டு டீச்சருக்குக் குடுத்துடணும் கண்டக்டர். ஐஸ் உருகுது. அவங்களுக்கு நேத்தோட மருந்து தீர்ந்துபோச்சு.”

கண்டக்டருக்கு அந்த ஆளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அவருடைய கால் அவரை லாரிப் பக்கம் கொண்டுபோயிற்று. பஸ்ஸோடு பிழைத்தவர், பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். டயருக்கும் தரைக்கும் நடுவில் மரத்தூள் குவிந்து, அதன் மேல் பனி இறங்கி இறுகிக் கிடந்தது. இந்த லாரி இரண்டு நாளாக நகரவே இல்லை. ஸ்கூட்டரில் ஒரு நசுங்கல் கிடையாது. யாரோ கொண்டுவந்து சாய்த்துவைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் அவரே தம் வாயால் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

எதிர்வீட்டு ஜன்னலில் தையல்காரப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். மேற்கத்திக்காரிதான். சன்னமான குரலில் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

“நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கண்ணா. அஞ்சாறு பேர் வண்டியை மறிச்சாங்க. கட்டையால அடிச்சாங்க. ஒருத்தன் பின்னாலேர்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டான். அந்தப் பையன் மருந்து மருந்துன்னு கத்தினான்.”

“யாருன்னு தெரியுமா?”

அவள் கண்டக்டரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, “முகம் பாக்கலண்ணா” என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நாலு போலீஸ்காரர்களோடு வந்தார். நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு ஊரைக் காப்பாற்ற வேண்டிய மனிதர். முகத்தில் அது எழுதியிருந்தது. “நீங்க ரெண்டு பேரும் மைக்ல என்ன சொல்றீங்களோ அதான் இன்னிக்கு என் ரிப்போர்ட்டும்,” என்றார். “என்னால வேற எதுவும் தாங்க முடியாது.” சின்னவனை போஸ்ட்மார்ட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வேனில் உட்கார்ந்தார்கள். மருந்துக்கடைக்காரரின் மடியில் ஐஸ் பெட்டி.

“நீங்க வீட்டுக்குப் போங்க டாக்டரே,” என்றார் கண்டக்டர். “இன்னிக்கு வேணாம். நான் பாத்துக்கறேன்.”

“எங்க ஆளுங்க உங்க பேச்சைக் கேப்பாங்களா?”

கேட்க மாட்டார்கள். இருவருக்கும் தெரியும்.

“வாக்கியத்தைச் சொல்றேன், கேட்டுக்குங்க,” என்றார் மருந்துக்கடைக்காரர். குரல் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற குரல் மாதிரியே இருந்தது. “மருந்துக்கடைக்காரர் மகனை மேற்குப் பக்கத்து ஆளுங்க அடிச்சுக் கொன்னுட்டாங்க. போலீஸ் வந்தாச்சு. யாரும் ரோட்டைத் தாண்டக் கூடாது.”

“யாரோ சில பேர்னு சொல்லிக்கலாமே.”

“மேற்குப் பக்கத்து ஆளுங்கன்னுதான் சொல்லணும். அதை நீங்க உங்க ஆளுங்க முன்னாடி நின்னு சொல்லணும். செஞ்சதை அவங்க ஆளே ஒத்துக்கிட்டான்னா எங்க பசங்க கை கொஞ்சம் தாழும். என்னால என் பசங்களை நிறுத்த முடியும் கண்டக்டர். உங்க வாய் எனக்கு வேணும், அவ்வளவுதான்.”

“சொல்றேன்,” என்றார் கண்டக்டர். மனதாரத்தான் சொன்னார்.

வழக்கமாக இரண்டு பக்கமும் இருவரும் சேர்ந்தே நிற்பார்கள். அன்றைக்கு அப்பாவை மேற்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது. அவருடைய கடை மாடியில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. அவர் அங்கிருந்தே பேசுவது, கண்டக்டர் மட்டும் வேனோடு மேற்கே போய்ப் பேசுவது என்று ஏற்பாடு. இத்தனை நாளில் கண்டக்டர் தனியாக மைக் பிடிக்கப் போனது அதுதான் முதல் தடவை.

மேற்கே பழைய பஸ் டெப்போ முனையில் வேனை நிறுத்தினார். சனம் கூடியிருந்தது. கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மருந்துக்கடைக்காரரின் குரல் வந்தது. வாக்கியத்தை அப்படியே சொன்னார். மகன் என்று சொல்லும்போதுகூடக் குரல் பிசகவில்லை. கிழக்கே ஒரு சத்தம் எழுந்தது. சத்தம் என்று சொல்வதா, உறுமல் என்று சொல்வதா. அதன் மேலேறி அவர் பேசினார்.

“இருங்க. கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் காது குடுங்க. கண்டக்டர் அந்தப் பக்கம் நிக்கறார். இதே வார்த்தையை அவர் அவங்க ஆளுங்க முகத்தைப் பார்த்துச் சொல்லப் போறார். எங்க ஆளுங்கதான் செஞ்சாங்கன்னு சொல்லப் போறார். அதைக் கேட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போறீங்க. என் புள்ள பேரைச் சொல்லிக்கிட்டு எவனும் ரோட்டுல இறங்கக் கூடாது. அவன் மருந்து குடுக்கப் போனவன்.”

கிழக்கே சத்தம் அடங்கியது. ஊரே காதாக நின்றது. கண்டக்டர் மைக்கைக் கையிலெடுத்து, பொத்தானைத் தேடும்போதுதான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மகள் வந்தாள். இடுப்பில் குழந்தை. வேன் ஜன்னலோரம் முகத்தைக் கொண்டுவந்து குசுகுசுத்தாள்.

“அப்பா, விபத்துன்னு சொல்லிடுங்க.”

“என்னம்மா சொல்ற?”

“அவர் வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு உக்காந்திருக்கார். சட்டையை அவரே துவைச்சுப் போட்டுட்டார்.” மாப்பிள்ளையைத்தான் சொன்னாள். மரவாடியில் அறுவை மிஷினில் வேலை பார்ப்பவன். மாமனார் வீட்டிலேயே இருக்கிறவன். “அவர் அடிக்கலப்பா. சத்தியமா அடிக்கல. பிடிச்சுக்கிட்டுதான் நின்னாராம்.”

“எதைப் பிடிச்சுக்கிட்டு?”

மகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். குழந்தை கை நீட்டி மைக்கைப் பிடிக்கப் பார்த்தது.

கண்டக்டர் குழந்தையின் கைக்கு எட்டாமல் மைக்கைத் தள்ளிப் பிடித்தார். கொலை என்று அவர் வாயால் சொன்னால் இன்ஸ்பெக்டர் கொலை என்று எழுதியாக வேண்டும். எழுதினால் மரவாடியில்தான் ஆரம்பிப்பார்கள். ஒருவன் வாயைத் திறந்தால் எல்லாரும் மாட்டுவார்கள். அதற்கு முன்பே, இன்று சாயங்காலத்துக்குள்ளேயே, கிழக்கேயிருந்து யாராவது வீடு தேடி வரலாம். அந்த வீட்டில்தான் இந்தக் குழந்தை இருக்கிறது. மாப்பிள்ளையை அந்த நிமிஷமே கழுத்தை நெரித்துக் கொன்றுவிடலாம் போலிருந்தது. ஆனால் மகளின் முகம் முன்னால் நின்றது. அம்மா இல்லாமல் அவர் வளர்த்த மகள்.

பொத்தானை அழுத்தினார். குழாய் ஒரு தடவை கிரீச்சிட்டது.

“நான் கண்டக்டர் பேசறேன். நாங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்தோம்.” அதுவரைக்கும் உண்மைதான். “மருந்துக்கடைக்காரர் மகன் இறந்துட்டார். மரவாடிகிட்ட லாரில மோதிட்டார். அது விபத்து. யாரும் பதற வேணாம்.”

மேற்கே மொத்தத் தெருவும் மூச்சு விட்டது. ‘நம்ம ஆளுங்க அப்படிச் செய்வாங்களா’ என்று ஒருவர் பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டினார். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களுக்குத் தெரியும். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டக்டர் சொல்லிவிட்டார், அப்புறம் என்ன. மகள் அவர் கையைத் தொட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள்.

கிழக்கே எதுவும் கேட்கவில்லை. அந்த நிசப்தம் கண்டக்டரின் பிடரியில் ஏறி உட்கார்ந்தது. இறங்கி, வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி அந்த ஆள் என்ன சொல்வார்? பொய் சொல்கிறான் என்பார். மூன்று வருஷமாக ஒரே பேச்சாகப் பேசியவன் என் பிள்ளை விஷயத்தில் மாற்றிப் பேசுகிறான், பாருங்கள் இவர்களை என்பார். சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. சொன்ன மறுகணம் ரோடு நிரம்பிவிடும்.

மாடி ஒலிபெருக்கி கரகரத்தது.

“கண்டக்டர் சொன்னதுதான் சரி,” என்றது மருந்துக்கடைக்காரரின் குரல். “பெத்த மனசு. பதட்டத்துல நான் தப்பாச் சொல்லிட்டேன். யாரும் அடிக்கல. என் பையன்தான் லாரியைப் பாக்காம போய் மோதிட்டான். அவன் மேலதான் தப்பு. வீட்டுக்குப் போங்க.”

செத்துப்போன மகனையும் உயிரோடிருக்கிற அடுத்தவர் பிள்ளைகளையும் ஒரு தராசில் வைத்துப் பார்த்து, கண்டக்டர் சொன்ன பொய்யையே எடுத்துத் தன் வாயிலும் வைத்துக்கொண்டார் அந்த மனிதர். கண்டக்டர் வேனுக்குள் உட்கார்ந்தார். பாதி மழித்த முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரிய காரியம் செய்தீர்கள் என்றார்கள். பெரிய ஊரிலிருந்து அந்தப் புறா பேனர்க்காரர் போன் செய்து, உரையாடலின் வெற்றி என்று பாராட்டினார். கண்டக்டர் போனை அணைத்தார்.

போகாமல் இருக்க முடியாது. போகாமல் இருந்தால் அதுவே ஒரு பதிலாகிவிடும். வெயில் தாழ்ந்த நேரத்தில் ரோட்டைத் தாண்டி நடந்தார்.

மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் கிழக்கத்தி இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அந்த இரண்டாவது அறிவிப்பை நம்பவில்லை என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நாற்காலிகளுக்கு அடியில் கட்டைகள் கிடந்தன. ஒருவனும் எழவில்லை, வழியும் விடவில்லை. கண்டக்டர் கால்களுக்கு நடுவில் இடம் பார்த்து உள்ளே போனார்.

கூடத்தில் பெண்கள். மருந்துக்கடைக்காரர் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கண்டக்டரைப் பார்த்தார். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. சின்னவனின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் காய்ந்திருந்தது.

“வாங்கண்ணா. உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்,” என்றாள். “இவர் முதல்ல ஒண்ணு சொன்னார். அப்புறம் மாத்திச் சொன்னார். எதுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறார். கல்யாணமான நாளாப் பாக்கறேன், இந்த மனுஷன் ஒரு பேச்சை மாத்திப் பேசி நான் கேட்டதில்ல. நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீங்கல்ல.”

வாசலில் இருந்தவர்கள் எழுந்து வந்து நிலைப்படியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

“என் புள்ளைய அடிச்சாங்களா?”

கண்டக்டர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் தலையாட்டவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“இல்ல தங்கச்சி. லாரிதான்.”

“பசங்க என்னென்னமோ பேசறாங்க. யாரோ கையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம், மத்தவங்க அடிச்சாங்களாம்.”

“அப்படி ஒண்ணும் இல்ல.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“வலிச்சிருக்குமாண்ணா?”

“உடனே போயிடுச்சும்மா. வலிச்சிருக்காது.”

அப்போதுதான் அவள் அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை. பிள்ளையை யாரும் வெறுத்துக் கொல்லவில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது போல, தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். நகர்ந்து வந்து கண்டக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறகு நிலைப்படிப் பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்கல்லடா? இவர் பொய் சொல்ல மாட்டார். இவர் சொன்னா அதான். எழுந்து வீட்டுக்குப் போங்க. உங்க அம்மாங்க பயந்துக்கிட்டிருப்பாங்க.”

பிறகு ஒருவன் செருப்பைத் தேடினான். இன்னொருவன் கட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தெருவில் இறங்கினான். ஒவ்வொருவராகப் போனார்கள். அன்றைக்கு அந்த ஊரில் வேறு யாரும் சாகவில்லை.

மருந்துக்கடைக்காரர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்டக்டரும் எழப் பார்த்தார்.

“இருங்கண்ணா,” என்றாள் அவள். “அவனைக் கடைசியாப் பாத்தது நீங்கதானே. முகம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

அவள் அவருடைய கைகளை விடவில்லை.